பாட்டிலை மாற்றினால் பழக்கம் மாறுமா?

(‘மின் சிகரெட்: அடைத்து விற்பதா, நிரப்பிக் கொள்வதா?’ என்ற தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில், சுங்கை பஞ்சாங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு கொஞ்சம் புதுமையானது. சிகரெட் பிடிக்கலாமா கூடாதா என்று பேசச் சொல்லியிருந்தால் சுலபமாக முடித்துவிடலாம். ஆனால், இன்றைக்கு நம் இளைஞர்கள் கேட்கும் கேள்வி அதுவல்ல. கோலசிலாங்கூரில் இருந்து சபாக் பெர்ணம் வரைக்கும், தோட்டத்தை விட்டு வெளியேறி தாமானில் குடியிருக்கும் பிள்ளைகளும் சரி, இன்னும் செம்பனைத் தோட்டத்திலேயே இருக்கும் பிள்ளைகளும் சரி, என்னிடம் கேட்பது இதுதான்: “டிரஸ்ஸர் ஐயா, அடைச்சு விக்கிற பாட் வாங்கிக் கட்டுப்படியாகலை. லிக்விட் ஊத்துற மெஷினுக்கு மாறிட்டேன். இது நல்லதுதானே?”

நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டால் கேட்டவர் திருப்தியாகப் போய்விடுவார். ஆனால், அது முழுப் பதிலாக இருக்காது. ஆகவே, இதைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்போம்.

இரண்டும் என்ன?

வேப் என்று நாம் சொல்லும் கருவியைப் பார்த்திராத பெரியவர்களுக்காக ஒரு விளக்கம். உள்ளே ஒரு மின்கலம். ஒரு சின்னக் கம்பிச் சுருள். அதைத்தான் காயில் என்கிறார்கள். அந்தச் சுருளைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சில் ஊறியிருப்பது ஒரு திரவம். பொத்தானை அழுத்தினாலோ வாயில் வைத்து இழுத்தாலோ சுருள் சூடேறி, திரவம் ஆவியாகிறது. அந்த ஆவியைத்தான் உள்ளே இழுக்கிறார்கள். திரவத்தில் இருப்பவை நான்கு: புரோப்பிலின் கிளைகோல், கிளிசரின், வாசனைச் சரக்கு, நிகோடின்.

அடைத்து விற்கும் வகையில், திரவம் ஒரு சிறு குப்பிக்குள் தொழிற்சாலையிலேயே அடைக்கப்பட்டிருக்கும். தீர்ந்ததும் குப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டும். நிரப்பும் வகையில், பாட்டிலில் திரவத்தை வாங்கி நாமே ஊற்றிக் கொள்ளலாம். காயிலையும் நாமே மாற்றலாம். சில கருவிகளில் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

ஒருமுறை எரித்து எறியும் லைட்டருக்கும், லயத்துக் காலத்தில் நாம் மண்ணெண்ணெய் ஊற்றி, திரியை ஏற்றி இறக்கி வைத்த விளக்குக்கும் உள்ள வேற்றுமைதான் இது. விளக்கு நம் கையில் இருந்தது. அதனால் சிக்கனம் இருந்தது. அதே காரணத்தால்தான் சில வீடுகளில் தீயும் பிடித்தது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

வந்த வழி

இன்று நாம் காணும் மின் சிகரெட்டைச் சந்தைக்குக் கொண்டு வந்தவர் ஹோன் லிக் என்ற சீன மருந்தாளர். ஆண்டு 2003. அவரும் சிகரெட் பிடிப்பவர். அவருடைய தந்தையும் சிகரெட் பிடித்து, நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். ஆகவே இது புதிதாக ஒரு பழக்கத்தைத் தொடங்குவதற்காக வந்ததல்ல. இருக்கும் பழக்கத்தில் இருந்து தப்பிப்பதற்காக வந்தது. எங்கே தொடங்கியது, எங்கே போய் நிற்கிறது என்பதைப் பார்க்கும்போதுதான் வருத்தம் வருகிறது.

நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு இது பெரும் விவாதமானது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் டத்தோ ஸ்ரீ டாக்டர் எஸ்.சுப்பிரமணியம். அந்த ஆண்டு நவம்பரில் சுகாதார அமைச்சின் அதிகாரிகள் வேப் கடைகளில் சோதனை நடத்தி, நிகோடின் கலந்த திரவங்களைப் பறிமுதல் செய்தார்கள். எந்தச் சட்டத்தின் கீழ்? 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ். அந்தப் பெயரை நன்றாகக் கவனியுங்கள். நிகோடின் அந்தச் சட்டத்தில் நஞ்சு என்றே பட்டியலிடப்பட்டிருந்தது.

2023 ஏப்ரல் முதல் தேதி, வேப் திரவத்தில் உள்ள நிகோடினுக்கு அந்தப் பட்டியலில் இருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அன்று முதல் ஒரு மில்லி லிட்டருக்கு 40 சென் கலால் வரி. புகைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் புதிய சட்டம், அதாவது 852ஆம் எண் சட்டம், அமலுக்கு வந்தது 2024 அக்டோபர் முதல் தேதியில். இடையில் பதினெட்டு மாதங்கள். அந்தப் பதினெட்டு மாதங்களில் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு நிகோடின் வேப் விற்றவரைத் தடுக்க தனிச்சட்டம் எதுவும் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் கையில் பாட் வந்து சேர்ந்தது அந்தக் காலத்தில்தான்.

ஏன் மாறுகிறார்கள்?

பாட்டில் இருந்து நிரப்பும் கருவிக்கு மாறுகிறவர்கள் மூன்று காரணம் சொல்கிறார்கள். ஒன்று, காசு. இரண்டு, நிகோடின் அளவையும் வாசனையையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். மூன்று, பிளாஸ்டிக் குப்பை குறையும். மூன்றிலும் உண்மை இருக்கிறது. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக்கையும் மின்கலத்தையும் ஒரு வாரத்தில் குப்பையில் வீசுவது சரியல்ல என்பதால்தான், பிரிட்டனில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப் விற்பனையை 2025 ஜூன் முதல் தேதியில் இருந்து தடை செய்தார்கள். நிரப்பும் வகையை அங்கே தடை செய்யவில்லை.

இருந்தாலும், ஒவ்வொரு காரணத்துக்கும் பின்னால் ஒரு நிழல் இருக்கிறது.

காசுக் கணக்கு

முதலில் காசு. ஒரு கணக்குக்காக, 2 மில்லி பாட் ஒன்று 12 ரிங்கிட் என்று வைத்துக் கொள்வோம். மில்லிக்கு 6 ரிங்கிட். 30 மில்லி பாட்டில் 30 ரிங்கிட் என்றால் மில்லிக்கு ஒரு ரிங்கிட். ஆறில் ஒரு பங்கு! எந்தத் தம்பிக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால், பெரிய கருவியில் புகை அதிகம். திரவமும் வேகமாகக் கரையும். பாட்டில் நாளுக்கு ஒரு மில்லி இழுத்தவர், இதில் நாளுக்கு ஐந்து மில்லி இழுப்பது சாதாரணம். அத்துடன் காயில் மாற்ற வேண்டும், மின்கலம் வாங்க வேண்டும், பிறகு நண்பன் வைத்திருக்கும் கருவி அழகாகத் தெரியும். மாதக் கடைசியில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால், மிச்சம் என்று நினைத்த காசைக் காணோம்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். இதைப் பெற்றோர்கள் எழுதி வைத்துக் கொள்ளலாம். 2023இல் விதிக்கப்பட்ட வரி மில்லிக்கு 40 சென். அப்படியானால் 30 மில்லி பாட்டிலுக்கு வரி மட்டும் 12 ரிங்கிட். 60 மில்லிக்கு 24 ரிங்கிட். இரவுச் சந்தையிலோ, மோட்டார் சைக்கிளில் வந்து கொடுப்பவரிடமோ, 30 மில்லி பாட்டில் 10 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது என்றால் என்ன பொருள்? வரியைவிடச் சரக்கு மலிவாக இருக்க முடியுமா? அது வரி கட்டாத சரக்கு. வரி கட்டாதவர், உள்ளே என்ன கலந்தேன் என்று யாருக்கும் கணக்குக் காட்டவும் மாட்டார்.

நிகோடின் எவ்வளவு?

இரண்டாவது, அளவு. பல பேருக்குக் குழப்பம் வருவது இங்கேதான்.

பாட்களில் 5 விழுக்காடு என்று அச்சிட்டு விற்று வந்தார்கள். 5 விழுக்காடு என்றால் என்ன? ஒரு மில்லியில் 50 மில்லிகிராம் நிகோடின். 2 மில்லி பாட்டில் 100 மில்லிகிராம். நிரப்பும் கருவிக்கான திரவத்தில் 3 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால், 30 மில்லி பாட்டில் முழுவதும் சேர்த்து 90 மில்லிகிராம்தான். அதாவது விரல் நுனி அளவு பாட்டில் இருக்கும் நிகோடின், உள்ளங்கை அளவு பாட்டிலில் இருப்பதைவிட அதிகம்! பார்ப்பதற்குச் சின்னதாக இருப்பதால் ஆபத்தும் சின்னது என்று எண்ணிவிடக் கூடாது.

அவ்வளவு கடுமையான நிகோடினைத் தொண்டை எப்படித் தாங்குகிறது? அதற்குத்தான் நிகோடின் சால்ட் என்ற முறையைக் கொண்டு வந்தார்கள். நிகோடினுடன் பென்சோயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்தால் அதன் காரம் அடங்கிவிடுகிறது. இருமல் வராது, எரிச்சல் வராது, ஆனால் நிகோடின் மட்டும் வேகமாக இரத்தத்தில் ஏறும். அமெரிக்காவில் 2015இல் சந்தைக்கு வந்த ஜூல் என்ற பாட் இப்படித்தான் பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்தது. முதல் சிகரெட்டில் வரும் இருமல், இயற்கை நமக்குக் கொடுத்த எச்சரிக்கை. அந்த எச்சரிக்கை மணியை இவர்கள் கழற்றி வைத்துவிட்டார்கள்.

இப்போது மாறுகிறவர் செய்யும் தவறைப் பாருங்கள். பாட்டில் 50 மில்லிகிராம் பழகியவர், கடையில் போய் அதே 50 மில்லிகிராம் சால்ட் திரவத்தை வாங்கி, புகையைக் கக்கும் பெரிய கருவியில் ஊற்றிவிடுகிறார். பாட் ஒரு இழுப்புக்குக் கொஞ்சமாக ஆவி தரும்; பெரிய கருவி பல மடங்கு தரும். சிறிது நேரத்தில் தலைசுற்றல், குமட்டல், வாந்தி, நெஞ்சுப் படபடப்பு. இது ‘சூடு பிடித்துக் கொண்டது’ அல்ல. நிகோடின் அதிகமாகிவிட்டதற்கான அடையாளம். உடனே நிறுத்தி, காற்றோட்டமான இடத்தில் உட்கார வேண்டும். மூச்சுத் திணறலோ வலிப்போ வந்தால் தஞ்சோங் காராங் மருத்துவமனையோ சபாக் பெர்ணம் மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே தாமதிக்காமல் கொண்டு போக வேண்டும்.

ஆனால், இதே அளவு விஷயத்தில் நிரப்பும் கருவிக்கு ஒரு நன்மையும் உண்டு. பாட்டில் அளவை நாம் குறைக்க முடியாது, கடைக்காரர் வைத்திருப்பதுதான். நிரப்பும் வகையில் 12, 6, 3 என்று படியிறங்கி, கடைசியில் நிகோடினே இல்லாத திரவத்துக்கு வந்து, பிறகு கருவியையே வைத்துவிடலாம். விடுவதற்காக மாறுகிறவருக்கு இது ஏணி. இறங்குவதற்கு மனமில்லாதவருக்கு அதே ஏணி நாற்காலியாகிவிடும். அதிலேயே உட்கார்ந்து விடுவார்.

வீட்டுக்குள் ஒரு நஞ்சு

மூன்றாவதாக நான் சொல்வது, தோட்டத்தில் வாழ்ந்த எல்லாருக்கும் புரியும்.

பாரக்குவாட் என்ற களைக்கொல்லியை நாம் மறந்துவிட முடியுமா? தோளில் தோம்பு மாட்டிக் கொண்டு மருந்து அடித்த நம் தாய்மார்களின் நகமும் தோலும் என்ன ஆயின என்று 2002இல் தெனகானித்தா அமைப்பு ஆய்வு செய்து வெளியிட்டது. பாரக்குவாட்டுக்கு நம் நாட்டில் முழுத் தடை வந்தது 2020 ஜனவரி முதல் தேதியில். அந்தக் காலத்தில் அதைச் சோடா பாட்டிலில் ஊற்றி வீட்டில் வைத்து, பிள்ளையோ பெரியவரோ தெரியாமல் குடித்து உயிர்விட்ட கதைகள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. மருந்தகத்தில் இருந்த எங்களுக்கு அந்த முகங்கள் மறக்காது.

நிகோடினும் ஒரு காலத்தில் பூச்சிமருந்தாகத்தான் விற்கப்பட்டது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நிகோடின் சல்பேட் என்ற பெயரில் செடிகளுக்கு அடித்தார்கள். அதுவும் தோல் வழியாக உடலுக்குள் இறங்கும் தன்மை கொண்டது. பாட் வாங்கிய வரைக்கும் அது அடைத்த குப்பிக்குள் இருந்தது. நிரப்பும் கருவிக்கு மாறிய அன்றே வீட்டில் ஒரு பாட்டில் நஞ்சு குடியேறுகிறது. அதுவும் எப்படிப்பட்ட நஞ்சு? மாம்பழ வாசனை, ஸ்ட்ராபெரி வாசனை, பாட்டிலின் மேல் கார்ட்டூன் படம்! பாரக்குவாட்டுக்காவது வாசனையே எச்சரிக்கையாக இருந்தது.

2014 டிசம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிறு குழந்தை இப்படித் திரவ நிகோடினைக் குடித்து இறந்தது. அதன் பிறகுதான், பிள்ளைகள் திறக்க முடியாத மூடி கட்டாயம் என்ற சட்டத்தை 2016 ஜனவரியில் அங்கே கொண்டு வந்தார்கள். ஒரு உயிர் போன பிறகு வந்த மூடி அது. நம் வீட்டில் அப்படி ஒன்று நடந்துதான் நாம் கற்றுக் கொள்ள வேண்டுமா?

ஆகவே, வீட்டில் யாராவது திரவம் வைத்திருந்தால், அது பூட்டிய அலமாரியில், மூல பாட்டிலிலேயே இருக்க வேண்டும். கண் மருந்துப் பாட்டிலில், சாஸ் பாட்டிலில் மாற்றி ஊற்றவே கூடாது. கையில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தை வாயில் வைத்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று விரலை விடாதீர்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துக் கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவர்களுக்கு ஆலோசனை சொல்ல பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. உள்ளே என்ன இருந்தது என்று பாட்டிலைப் பார்த்தால்தான் அவர்களுக்கும் தெரியும்.

மின்கலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கழற்றி மாட்டும் லித்தியம் மின்கலத்தைக் காற்சட்டைப் பையில் சாவியோடும் சில்லறையோடும் போடாதீர்கள். இரும்பு பட்டு மின்சாரம் குறுக்கே பாய்ந்தால் தீப்பிடிக்கும். தொடை வெந்து மருத்துவமனைக்குப் போனவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 2022 ஆகஸ்டு முதல் வேப் கருவிகளுக்குச் சிரிம் சான்று கட்டாயமானது. சிரிம் முத்திரை இல்லாத கருவியை மலிவு என்று வாங்காதீர்கள்.

உள்ளே இருப்பது என்ன?

இனி மிக முக்கியமானதுக்கு வருகிறேன்.

நிரப்பும் கருவியின் வாய் திறந்தே இருக்கிறது. அதில் எதையும் ஊற்றலாம். நம் காவல் துறை அண்மைய ஆண்டுகளில் பிடித்த வேப் திரவங்களில் செயற்கைப் போதைப் பொருள் கலந்தவையும் இருந்தன. அதனால்தான் 2025ஆம் ஆண்டில் வேப்பைப் படிப்படியாகத் தடை செய்வது பற்றிப் பேசப்பட்டபோது, முதலில் கை வைக்க வேண்டியது நிரப்பும் வகையில்தான் என்ற கருத்து சுகாதார அமைச்சின் தரப்பில் சொல்லப்பட்டது. 2023 டிசம்பரில் அந்த அமைச்சுக்கு மீண்டும் பொறுப்பேற்ற டத்தோ ஸ்ரீ டாக்டர் சுல்கிப்ளி அமாட், நம் கோலசிலாங்கூர் நாடாளுமன்ற உறுப்பினர்தான். மாநிலங்களில் ஜொகூரும் கிளந்தானும் முன்பே தடுத்தன. திரங்கானுவும் பெர்லிஸும் 2025 ஆகஸ்டு முதல் தேதியில் இருந்து விற்பனையைத் தடை செய்தன. தமிழ்நாடு 2018இலும், இந்தியா முழுவதும் 2019இலும் தடை வந்தது. சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். உறவினர் வீட்டுக்கு ஜொகூர் பாலம் தாண்டிப் போகிறவர்கள் இதை மறந்துவிடாதீர்கள்.

அப்படியானால் அடைத்த பாட் பாதுகாப்பானதா? அதுவும் இல்லை. மயக்க மருந்தான எட்டோமிடேட் கலந்த பாட்கள் சிங்கப்பூரில் பரவியதால், 2025 செப்டம்பர் முதல் தேதியில் அதைப் போதைப் பொருள் பட்டியலிலேயே சேர்த்தார்கள். அவை அடைத்த பாட்கள்தான். முத்திரை நம்பிக்கை தராது. யார் விற்றார், எங்கே பதிவானது என்பதுதான் நம்பிக்கை தரும்.

அமெரிக்காவில் 2019இல் என்ன நடந்தது தெரியுமா? நல்ல உடல்நலத்தோடு இருந்த இளைஞர்கள் நுரையீரல் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரி வரைக்குமான கணக்கில் 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள். 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இழுத்தது கஞ்சாச் சத்து கலந்த வேப். அதைக் கெட்டியாகக் காட்டுவதற்காக வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெயைக் கலந்திருந்தார்கள். வைட்டமின் ஈ மாத்திரையாக விழுங்கினால் ஒன்றும் செய்யாது. நுரையீரலுக்குள் போனபோது உயிரையே எடுத்தது. சாப்பிடுவதற்கு நல்லது, சுவாசிப்பதற்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2000ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்கள், வெண்ணெய் வாசனைக்காகச் சேர்த்த டையசிட்டில் என்ற பொருளைச் சுவாசித்து நுரையீரலை இழந்தார்கள். அதே பொருள் பிறகு வேப் வாசனைத் திரவங்களிலும் கண்டுபிடிக்கப்பட்டது.

நமக்கு இது புதிய பாடமா? தோட்டத்துச் சம்சு நமக்கு என்ன கற்றுக் கொடுத்தது? மலிவு என்று குடித்தோம். என்ன கலந்திருக்கிறது என்று கேட்கவில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள், சிலர் கண் பார்வை இழந்தார்கள். பாட்டில் புதிது, சீட்டு புதிது, பாடம் பழையதுதான்.

சிகரெட்டைவிட மேலா?

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். இருபது ஆண்டு சிகரெட் பிடித்த அண்ணன் ஒருவர், “வேப்பில்தான் ஐயா சிகரெட்டை விட்டேன்” என்று சொன்னால் நான் அவரைத் திட்ட மாட்டேன். சிகரெட்டில் இலை எரிகிறது. எரிவதால்தான் தாரும் கார்பன் மோனாக்சைடும் வருகின்றன. வேப்பில் எரிப்பு இல்லை. அந்த அளவில் தீமை குறைவு என்பதை மருத்துவ உலகம் ஒப்புக் கொள்கிறது. தீமை குறைவு என்பது தீமை இல்லை என்பதாகாது.

பிரிட்டனில் 886 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு நிகோடின் ஒட்டு, சூயிங்கம் போன்றவை. இன்னொரு குழுவுக்கு நிரப்பும் வகை வேப், கூடவே ஒரு பாட்டில் திரவம். இரண்டு குழுவுக்கும் வாரந்தோறும் ஆலோசனை. ஓராண்டு கழித்துப் பார்த்தால், வேப் குழுவில் 18 விழுக்காட்டினர் சிகரெட்டை விட்டிருந்தார்கள், மற்றதில் 9.9 விழுக்காடு. ஏறக்குறைய இரண்டு மடங்கு! வேப் விற்பவர்கள் இது வரைக்கும்தான் சொல்வார்கள். மீதியை நான் சொல்கிறேன். வேப் குழுவில் சிகரெட்டை விட்டவர்களில் 80 விழுக்காட்டினர் ஓராண்டு கழித்தும் வேப்பை விடவில்லை. மற்றக் குழுவில் வெற்றி பெற்றவர்களில் ஒட்டையும் சூயிங்கத்தையும் தொடர்ந்தவர்கள் 9 விழுக்காடுதான். சிகரெட் போனது, நிகோடின் போகவில்லை.

இன்னொன்று. வேலையிடத்தில் வேப், வீட்டுக்கு வந்தால் சிகரெட் என்று இரண்டையும் வைத்துக் கொள்கிறவர்கள் நம்மில் நிறைய. அதில் எந்த இலாபமும் இல்லை. செலவு இரண்டு, தீமையும் இரண்டு.

பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது

நான் இதுவரை சொன்ன நியாயம் எல்லாம் சிகரெட் பிடித்துக் கொண்டிருக்கும் பெரியவர்களுக்கு. சிகரெட்டையே தொடாத பிள்ளைக்கு எதில் இருந்து எதற்கு மாற்றம்?

நம் நாட்டின் தேசிய சுகாதார ஆய்வைப் பாருங்கள். 2017இல் இளையோரில் சிகரெட் பிடித்தவர்கள் 13.8 விழுக்காடு. 2022இல் அது 6.2 விழுக்காடாகக் குறைந்தது. கை தட்டலாம் போலத் தோன்றும். ஆனால், அதே காலத்தில் வேப் பிடித்த இளையோர் 9.8 விழுக்காட்டில் இருந்து 14.9 விழுக்காடாகக் கூடினார்கள். ஏழு பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஒரு பிள்ளை. ஒரு வகுப்பறையில் எத்தனை என்று நீங்களே எண்ணிக் கொள்ளுங்கள். வளரும் மூளையில் நிகோடின் புகுந்தால் கவனமும் நினைவாற்றலும் பாதிக்கப்படுகின்றன. படிவம் மூன்றில் நன்றாகப் படித்த பையன் படிவம் ஐந்தில் ஏன் பின்தங்கினான் என்று தேடும்போது, அவன் பென்சில் பெட்டியையும் கொஞ்சம் தேடுங்கள். பாட் பார்ப்பதற்குப் பென்டிரைவ் போலவே இருக்கும்.

இந்தப் பிள்ளை பாட்டில் இருந்து நிரப்பும் கருவிக்கு மாறுகிறான் என்றால், அது சிக்கனம் அல்ல. பழக்கம் வேர் பிடித்துவிட்டது என்பதற்கு அடையாளம். எப்போதாவது நண்பனிடம் வாங்கி இழுத்தவன், இப்போது சொந்தமாகக் கருவி வைத்து, பாட்டில் வைத்து, காயில் மாற்றத் தெரிந்தவனாகிவிட்டான். அவனை அடித்துப் பயனில்லை. அடித்தால் பாட்டிலை இன்னும் ஆழமாக ஒளித்து வைப்பான். உட்கார வைத்துப் பேசுங்கள். எத்தனை மில்லிகிராம் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த தாயையும் தகப்பனையும் பிள்ளை ஏமாற்ற முடியாது. 852ஆம் சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்பது குற்றம். இணையம் வழியாக விற்பதும் குற்றம். விற்றவர் யார் என்று தெரிந்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுங்கள். நம் ஊர்க்காரராயிற்றே என்று பார்க்காதீர்கள். அவர் நம் பிள்ளையை அப்படிப் பார்க்கவில்லை.

என்ன செய்யலாம்?

சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

சிகரெட்டோ வேப்போ பிடிக்காதவர்கள் இரண்டையும் தொட வேண்டாம். சிகரெட் பிடிப்பவர்கள் முதலில் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். அங்கே புகைப்பதை நிறுத்துவதற்கான ஆலோசனைச் சேவை உண்டு. எம்-குவிட் என்ற பெயரில் 2015 முதல் நடந்து வருகிறது. நிகோடின் ஒட்டும் சூயிங்கமும் அளவு தெரிந்து, மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கப்படுபவை. வேப்பை விட நினைப்பவர்களும் அங்கே போகலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை. இனிப்பு நீருக்கு மருந்து வாங்க வரிசையில் நிற்கிறோமே, அப்படித்தான் இதுவும்.

ஏற்கெனவே நிரப்பும் கருவிக்கு மாறிவிட்ட பெரியவர்களுக்கு ஐந்து வார்த்தை. சிகரெட்டை முழுவதும் நிறுத்துங்கள். சிரிம் முத்திரை உள்ள கருவி, பதிவு பெற்ற திரவம், அதை மட்டும் வாங்குங்கள். சொந்தமாகக் கலக்காதீர்கள், பிறர் கொடுத்ததை ஊற்றாதீர்கள். பாட்டிலைப் பூட்டி வையுங்கள். ஒரு நாள்காட்டியில் எழுதுங்கள்: இந்த மாதம் 12, அடுத்து 6, அடுத்து 3, பிறகு எப்போது சுழியம்? அந்தக் கடைசித் தேதி எழுதப்படாத வரைக்கும் நீங்கள் கருவியைத்தான் மாற்றியிருக்கிறீர்கள், பழக்கத்தை அல்ல.

அப்படியானால் அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் என்ன? “விடுவதற்காக மாறினாய் என்றால், தேதியைச் சொல். மலிவு என்று மாறினாய் என்றால், இன்னும் அதிக நாள் அடிமையாக இருக்க வசதி செய்து கொண்டாய்.” இதை நீங்களும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கோபம் இல்லாமல் சொல்லிப் பாருங்கள்.